ஏழாம் எண்ணை விட்டுக்கொடுக்காதவர்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன மாதம் ஒரு மதிய வேளையில், மாடிவீட்டு ராஜமாணிக்கம் சார் என் கம்ப்யூட்டருக்குள் எதையோ ஒளித்துவைத்துவிட்டார் என்று நான் மனதார நம்பினேன். வங்கியில் வேலை பார்க்கும் சாதுவான மனிதர். எங்கள் வாசலைத் தாண்டும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்காது. அதுவே எனக்குப் பெரிய தடயமாகப் பட்டது. சத்தமில்லாமல் நடக்கிறவன் எதற்காக அப்படி நடக்கவேண்டும்?

நடந்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், என் வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு உள்ளறையில் ஒரு மேஜைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. நெட் பெட்டியும் அதே அறையில்தான் இருந்தது. நடுவே ஒரு கேபிள், நெட் போட வந்தவர் மாட்டியது. அதில் மட்டும் நான் கை வைத்ததில்லை. அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் படம் நின்று நின்று வருகிறதென்று என் மனைவி எஸ்தர் அந்தப் பெட்டியை ஹாலுக்கு மாற்றவைத்தாள். அங்கிருந்து கேபிள் எட்டவில்லை. அதனால் ஒரு வைஃபை குச்சி வாங்கிவந்தேன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். கம்ப்யூட்டரின் பின்னால் சொருகினால் காற்றிலிருந்தே நெட்டைப் பிடித்துக் கொடுக்கும். கடையில் அதை அடாப்டர் என்பார்கள். கேபிளுக்கு முன்பும் இப்படி ஒன்று வைத்திருந்தேன். துடைக்கும்போது கீழே விழுந்து உடைந்து, குப்பை வண்டியில் போய்விட்டது.

அன்றைக்கு நாலு மணிக்கு என் மகள் கிருபாவுக்கு இன்டர்வியூ. படிப்பு முடித்து விண்ணப்பங்களாகப் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு. கம்ப்யூட்டரில்தான் வரவேண்டும், போனில் வரக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து அவள் கண்ணாடி முன்னால் நின்று தன்னைப் பற்றித் தானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என் பங்குக்கு நெட்டைக் கவனித்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன். "அப்பா அந்தக் காலத்து நெட்வொர்க் ஆளும்மா" என்று வேறு சொல்லியிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். இங்கே ஒரு சின்ன விளக்கம் வேண்டும். வீட்டிலிருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் நெட் பெட்டி ஓர் எண் கொடுக்கும், தெருவில் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி. ஒரே எண் இரண்டு பேருக்கு இருந்தால் சண்டை. பெட்டியே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடும், நாம் தலையிட வேண்டியதில்லை. ஆனால் நான் தலையிடுகிற ஜாதி. என் மிஷினுக்கு எண்ணை நானே கையால்தான் கொடுப்பேன். எப்போதும் ஏழில் முடியும் எண். புதுக் குச்சிக்கும் அதையே கொடுத்தேன்.

திரையில் ஒரு செய்தி வந்தது. ஆங்கிலத்தில் நாலைந்து வரி. நான் முதல் வரியைப் படித்தேன். இந்த எண் ஏற்கெனவே வேறொரு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறதாம். அதற்குமேல் படிக்க எனக்கு என்றைக்கும் பொறுமை இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையிலும் மண்டபத்தின் பெயரையும் விருந்து நேரத்தையும் தாண்டி நான் போனதில்லை. ரத்து என்பதை அமுக்கினேன். மறுபடி ஏழு கொடுத்தேன். மறுபடி அதே செய்தி. மறுபடி ரத்து.

வேறொரு அடாப்டரா? என் மிஷினில் இருப்பது இந்த ஒரு குச்சிதானே? கேபிளைக் கழற்றிச் சுருட்டி வைத்தாயிற்று. பின்னால் போய், குனிந்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு குச்சி, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு. அப்படியென்றால் இன்னொன்று எங்கேயோ ஒளிந்திருக்கிறது. யார் வைத்தது? கடைசியாக இந்த மிஷினைத் தொட்ட வெளியாள் யார்? அந்த வாரம்தான் ராஜமாணிக்கம் சார் ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்திருந்தார்.

படியேறி மாடிக்குப் போனேன். லீவிலிருந்த சார் துண்டோடு நின்று துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், அன்னைக்கு என் கம்ப்யூட்டர்ல என்னத்தச் சொருகுனீங்க?"

"பென் டிரைவ் சார். டிக்கெட்டு எடுத்தேன்ல. ஏன் சார், வைரஸ் கிய்ரஸ் வந்துருச்சா?"

"சொருகுனத எடுத்துட்டீங்களா?"

"இந்தா இருக்கே" என்று ஜன்னலில் கிடந்த சாவிக்கொத்தைத் தூக்கிக் காட்டினார். அதில் ஒரு பென் டிரைவ் பரிதாபமாகத் தொங்கியது. "அந்த டிக்கெட்டும் கன்ஃபார்ம் ஆகல சார்" என்றார், அதற்கும் என் மிஷின்தான் காரணமோ என்பதுபோல.

நான் நம்பவில்லை. இரண்டு பென் டிரைவ் இருந்திருக்கக் கூடாதா? கீழே வந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றினேன்.

தகடு திறந்ததும் ஒரு வாசனை வந்தது. சூடேறிய தூசியின் வாசனை. உங்களுக்கு அது தெரிந்திருக்கும். வெயிலில் நின்ற பஸ்ஸின் சீட்டும் கருகிய நூலும் கலந்த மாதிரி இருக்கும். அதை மோந்த நிமிடமே நான் கே.கே. நகரில் இல்லை. சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியில், குமரவேல் அண்ணனின் பிரவுசிங் சென்டரில் இருந்தேன்.

அதுதான் என் முதல் வேலை. டிகிரி முடித்துச் சும்மா திரிந்தவனை அண்ணன் கூப்பிட்டு உட்காரவைத்தார். எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவர், அது படுத்ததும் அதே இடத்தில் கம்ப்யூட்டர்களை இறக்கிவிட்டார். தோளுயர அட்டைத் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பூப்போட்ட திரை. வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். ஏ.சி. தண்ணீர் சொட்டி நனைந்த கார்ப்பெட், அதை மறைக்க அடிக்கும் மல்லிகை ஸ்பிரே, எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சூட்டுத் தூசி. பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு டி. கல்லுப்பட்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருவார்கள். மார்க் வந்ததும் ஒரு திரைக்குள்ளிருந்து கைதட்டல் கேட்கும், பக்கத்துத் திரைக்குள்ளிருந்து பளாரென்று ஓர் அறை கேட்கும். எனக்கு இரண்டுமே ஆச்சரியமில்லை. என் ரிசல்ட்டுக்கு இரண்டும் சேர்ந்து கிடைத்தது.

அண்ணனுக்கு எட்டு ஆகாது. சனியின் எண் என்பார். வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறதென்று புது ஸ்கூட்டரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டவர். ஆகவே எங்கள் சென்டரில் எட்டாம் நம்பர் மிஷினே கிடையாது. ஏழுக்குப் பிறகு ஏழு-ஏ, அதற்கடுத்து ஒன்பது. மிஷின்களை மாட்டிக்கொடுக்க வந்தவர், ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து உள்ளேயும் அதே எண்ணைக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறார். ஏழு-ஏ-வுக்கு வந்ததும் அந்தக் கட்டத்தில் 'ஏ' விழவில்லை. எழுத்தை விட்டுவிட்டு ஏழு மட்டும் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போய்விட்டார். எங்களுக்கு அப்போது இது தெரியாது.

தெரிந்ததெல்லாம், ஏழாம் நம்பர் மிஷின் திடீர் திடீரென்று செத்துப்போகும் என்பதுதான். அதில்தான் கேமராவும் ஹெட்போனும் இருந்தன. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா முடிந்த நேரத்துக்குப் பாத்திமா அக்கா வருவார். புருஷன் குவைத்தில், அன்றைக்குத்தான் அவருக்கு லீவு. திரையை இழுத்துவிட்டுக்கொண்டு அக்கா பேசுவார். அட்டைத் தடுப்பு என்பதால் நான் காதைப் பொத்திக்கொண்டாலும் கேட்கும். மாமியார் மூட்டுவலி, வாடகை, பிள்ளையின் பல். கடைசியில் குரல் இறங்கி, "எப்ப வாரீக?" இந்தக் கேள்விக்கு வரும்போது லைன் கட் ஆகிவிடும். ஒவ்வொரு வாரமும்.

காரணம் ரொம்பச் சாதாரணம். அதே நேரத்துக்கு ஒரு கல்லூரிக்காரர் வந்து ஏழு-ஏ-வில் உட்காருவார். அவர் சுவிட்சைப் போட, இரண்டு மிஷினும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொள்ளும். ஆனால் அக்காவுக்குக் குவைத் மேல் சந்தேகம்.

"ஏந்தம்பி, அந்தக் கேள்வியக் கேட்டா மட்டும் ஒங்க மிஷினுக்கு என்ன வருது? இல்ல அவருதான் அங்க புடுங்கி விடுறாரா?"

நான் மிஷினைத் திறந்தேன். நெட் வயர் மாட்டும் கார்டைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். வேறு இடத்தில் மாட்டினேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஏற்றினேன். அண்ணன் தன் பங்குக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணியை ஏழாம் நம்பருக்கு மட்டும் கூடுதலாக ஒரு சுற்றுக் காட்டினார். புகை மின்விசிறி வழியாக உள்ளே போய், அந்த மிஷின் தும்மாத குறைதான்.

ஒருநாள் காலையில் கூட்டிப் பெருக்கிவிட்டு, கை மறந்து இரண்டு மிஷினையும் சேர்த்துப் போட்டேன். இரண்டு மானிட்டரிலும் ஒரே எண்ணைப் பற்றிய புகார், பக்கத்துப் பக்கத்தில். அப்போதுதான் உறைத்தது. அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, ரெண்டுக்கும் ஏழுன்னு கெடக்குண்ணே. ஏழு-ஏ-வுக்கு உள்ள எட்டுன்னு மாத்திரவா? வெளிய யாருக்குத் தெரியப்போவுது?"

"சனிக்குத் தெரியும்டா."

"அப்ப எழுபத்தொண்ணு?"

அண்ணன் கல்லாவிலிருந்து நிமிராமல், "ஏழும் ஒண்ணும் எம்புட்டு?" என்றார்.

கடைசியில் எழுபத்திரண்டு என்று முடிவாயிற்று. கூட்டினால் ஒன்பது, அது அண்ணனுக்கு உகந்தது. அந்த வெள்ளிக்கிழமை அக்கா வழக்கம்போல வந்தார், கல்லூரிக்காரரும் வந்தார். லைன் கட் ஆகவில்லை. நான் கல்லாப் பக்கம் நின்று பெருமையில் பூரித்துக்கொண்டிருந்தேன். அக்கா திரையை விலக்கி வெளியே வந்தபோது முகம் நன்றாக இல்லை.

"ஒரு தடவகூடக் கட் ஆகல தம்பி" என்றார். "எப்ப வாரீகன்னு கேட்டேன். அவரு முழிச்சுக்கிட்டே இருந்தாரு. மிஷினு நல்லாத்தான் இருக்கு."

பழுதை நீக்கியதற்காக நான் வருத்தப்பட்ட நாள் அது. நல்லவேளை, அந்த ரம்ஜானுக்கு அவர் வந்து சேர்ந்தார். பிறகு அக்கா சென்டருக்கு வரவே இல்லை. ஒரு வாடிக்கையாளர் வராமல் போனதற்காகக் கடையில் எல்லோரும் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். அதிலிருந்து எனக்கு ஏழாம் எண்ணின் மேல் தனிப் பாசம். எந்த வீட்டில் எந்தக் கம்ப்யூட்டர் வாங்கினாலும் ஏழுதான். எண் கொடுக்கும் வேலையை மிஷினிடம் விட்டால், யாரோ டீ குடிக்கப் போய்விடுவார்கள் என்ற பயம்.

"அப்பா!"

கிருபா கையில் சீப்போடு நின்றிருந்தாள். திறந்த பெட்டி, கழற்றிய தகடு, தரையில் ஸ்க்ரூக்கள், அவற்றின் நடுவே டார்ச்சோடு நான்.

"என்னப்பா இது? மணி மூணரை ஆகப்போவுது!"

"உள்ள இன்னொரு அடாப்டர் ஒளிஞ்சிருக்கும்மா. இந்தா, இப்பப் புடிச்சிருவேன்."

"நான் என் போனக் கேபிள்ல மாட்டி, அதுலேர்ந்து நெட் எடுத்துக்கிறேன். விடுங்கப்பா."

"அது மூணாவது அடாப்டராயிரும். ரெண்டே அடிச்சுக்குது, மூணு எப்படிம்மா ஒத்துமையா இருக்கும்? நான் பாக்காததா!"

தகட்டை மூடிவிட்டு, தெரிந்த வித்தையை எல்லாம் இறக்கினேன். பட்டியலில் பார்த்த அடாப்டர் ஒன்று விடாமல் நிறுத்தினேன். மறுபடி இயக்கினேன். எதை நிறுத்தினேன், எதை இயக்கினேன் என்பதே மறந்துபோயிற்று. மிஷினை அணைத்துப் போட்டேன். மிஷின் எழும்வரை திரையில் வரும் அந்தப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இன்டர்வியூ இல்லை. என் சட்டை முதுகோடு ஒட்டியது. விரல்கள் கீ போர்டில் இரண்டிரண்டு எழுத்தாக அமுக்கின. செய்தி வந்தது, ரத்து. செய்தி வந்தது, ரத்து. அந்தக் கட்டத்துக்குக் கழுத்து இருந்திருந்தால் பிடித்து நெரித்திருப்பேன்.

கிருபா அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பயிற்சி செய்த ஆங்கிலத்தை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். ஒரு வாக்கியத்தின் நடுவே நிறுத்தி, "ஏழு கெடைக்கலன்னா எட்டு போட்டுத் தொலைங்கப்பா" என்றாள்.

விரலை எட்டின் மேல் கொண்டுபோனேன். அங்கேயே நின்றுவிட்டது.

குமரவேல் அண்ணனை எத்தனை கிண்டல் செய்திருக்கிறேன். 'சனி வாராருண்ணே, சேரு போடவா?' என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இப்போது என் மகளின் முதல் இன்டர்வியூவுக்கு, என் சொந்தக் கையால் எட்டு போட எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த எஸ்தருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போற ஆளு பாரு! ஆயருகிட்டச் சொல்லவா?"

"அது அதுக்கில்ல எஸ்தர், டெக்னிக்கலா..."

"டெக்னிக்கலா எந்திரிங்க. புள்ள உக்காரட்டும்."

எழுந்தேன். கிருபா உட்கார்ந்தாள். நிறுத்திக் கிடந்த குச்சியை இயக்கினாள். நான் ஏழு போட்டுப் போராடிய அதே கட்டத்துக்குப் போய், எண்ணைத் தானாக வாங்கிக்கொள் என்ற இடத்தில் ஒரு புள்ளியைத் தட்டினாள். நெட் வந்துவிட்டது.

"போங்கப்பா. கதவச் சாத்திட்டுப் போங்க."

கதவுக்கு வெளியே நின்றேன். நாலு மணிக்குச் சற்றுத் தள்ளித்தான் உள்ளே சேர்ந்தாள். யாரோ ஓர் ஆணின் குரல் ஏன் தாமதம் என்று கேட்டது. வீட்டில் நெட்வொர்க்கில் ஒரு சிறு கோளாறு, இப்போது சரியாகிவிட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கோளாறின் பெயரைச் சொல்லவில்லை. ராஜமாணிக்கம் சார் படியில் பாதி இறங்கி, "வைரஸ் போயிருச்சா சார்?" என்று சைகையில் கேட்டார். போய்விட்டது, வெளியே நிற்கிறது என்று என்னையே காட்டினேன்.

அவள் முடித்து வெளியே வந்து, "நல்லாத்தான் போச்சு" என்றதும், நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? மறுபடி போய் உட்கார்ந்து ஏழு கொடுத்தேன். அந்தத் திருடனைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. செய்தி வந்தது. ரத்துக்குக் கை போனது. கிருபா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"முழுசாப் படிங்கப்பா."

"படிச்சேன். வேற ஒருத்தன் வச்சிருக்கான்."

"அடுத்த வரி. அந்த அடாப்டரு இப்ப இந்தக் கம்ப்யூட்டர்லயே இல்லையாம்."

"இல்லாதவன் எப்படிம்மா நம்பர வச்சிருப்பான்?"

"அதத்தான் எடுத்துரவான்னு உங்களக் கேக்குது. நீங்கதான் மத்தியானத்துலேர்ந்து ரத்து ரத்துன்னு அமுக்கிக்கிட்டிருக்கீங்க."

யார் அந்த இல்லாதவன் என்று பெயரைப் பார்த்தோம். உடைந்து குப்பைக்குப் போன என் பழைய குச்சி. அதற்கும் ஏழைக் கையால் கொடுத்தது நான்தான். கீழே விழுந்ததும் உடைந்ததும் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. என்றைக்காவது திரும்பி வரும் என்று, அதன் எண்ணை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறது. எடுத்துவிடு என்று அமுக்கினேன். ஏனோ அதுவரை இருந்த கோபம் சட்டென்று இறங்கிவிட்டது.

அடுத்த சுற்றுக்குக் கிருபாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். அதைப் பசுமலையில் தோழி வீட்டிலிருந்து செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

சில நாள் கழித்து சிம்மக்கல் பக்கம் போனபோது அந்த மாடியை அண்ணாந்து பார்த்தேன். பல் டாக்டரின் போர்டு தொங்குகிறது. படியேறினால் செருப்பைக் கழற்றச் சொல்வார்களா என்று தெரியவில்லை. குமரவேல் அண்ணன் காலமாகிவிட்டார். பூப்போட்ட திரைகள் இல்லை, ரிசல்ட் பார்க்க யாரும் பஸ் ஏறி வருவதில்லை. எப்ப வாரீக என்று கேட்க யாரும் படியேறிப் போக வேண்டியதில்லை, கைப்போனிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். ஏழும் ஏழு-ஏ-வும் எந்த இரும்புக் கடையில் யாருக்குப் பக்கத்தில் கிடந்து போயினவோ.

நடந்தது இவ்வளவுதான். இன்டர்வியூ அன்று காலை அந்தப் புதுக் குச்சியைச் சொருகிய நிமிடமே நெட் வந்துவிட்டது. கிருபாவும் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தி, ஏழு கொடுக்க உட்கார்ந்தது நான்.